பிசிறில்லாத பீரோ

பெரியபட்டினத்தில் மரவேலை என்றால் உக்கிரபாண்டியைத்தான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டில் சம்பாதித்து வந்து வீடு கட்டுகிறவர்களுக்குச் சமையலறை அலமாரி, கட்டில், டிவி வைக்கிற பலகை எல்லாம் அவர் பட்டறையிலிருந்துதான் போகும். ஆனால் உள்ளூர்க்காரர் இல்லை. கமுதிப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பத்துப் பிள்ளை. பெயரைக் கேட்டுவிட்டு முறுக்கிய மீசையும் அதட்டலுமாக ஒருவரை எதிர்பார்த்து வருகிறவர்கள், மரத்தூள் படிந்த சட்டையும் காதில் செருகிய பென்சிலுமாகக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் மனிதரைப் பார்த்து ஏமாந்து போவார்கள். அவருக்குக் கோபமே வராது என்று அர்த்தமில்லை. கத்துகிற கோபம் கத்தி முடித்ததும் போய்விடும். இவருடையது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, வேளாவேளைக்குச் சோறு கேட்கிற கோபம்.

அய்யாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தங்கை முருகலட்சுமி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். உக்கிரபாண்டி உளியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வேலை செய்தார். தங்கையைக் கமுதியிலேயே அய்யப்பனுக்குக் கட்டிக்கொடுத்தார். அதன் பிறகு தனக்குப் பெண் பார்க்கப் போனார். போன இடத்திலெல்லாம் முதலில் வயதைத்தான் கேட்டார்கள். இரண்டு மூன்று வீடு ஏறி இறங்கிவிட்டு, போதும்டா சாமி என்று விட்டுவிட்டார்.

தங்கை மகள் ஜெயப்பிரியா பிறந்ததும் அந்தக் குறையும் போனது. காது குத்தும்போது அவர் மடியில்தான் உட்கார்ந்து வீறிட்டாள். வேட்டியை நனைத்தும் விட்டாள். பந்தி முடியும்வரை அந்த ஈர வேட்டியை மாற்றாமல் ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி திரிந்தார் மனுஷன். அவள் பெரியவளானபோது மாமன் சீர் கொண்டுபோய் ஊரே பார்க்க இறக்கினார். இந்தப் பக்கத்தில் தாய்மாமன் என்பது வெறும் உறவு இல்லை, ஒரு பதவி. யாரும் பறிக்க முடியாத பதவி என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

பிறகுதான் அந்தப் பீரோ வந்தது. முருகலட்சுமி புது வீடு குடிபோனபோது அண்ணன் சீராக, பிளைவுட்டில் மைக்கா ஒட்டிய இரட்டைக் கதவு பீரோ ஒன்று செய்துகொண்டு போனார். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. கிட்டே போனால் கதவின் ஓரமெல்லாம் மைக்கா சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. அவர் அதில் மெழுகைத் தேய்த்து மறைத்திருந்தார். பந்தி நடந்துகொண்டிருக்கையில் அய்யப்பன் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னான்.

“ஏன் மச்சான், எங்க வீட்டு எலியே இன்னும் குடி வரல. அதுக்குள்ள ஒங்க பட்டறை எலி கடிச்சிருச்சா?”

பந்தியே சிரித்தது. அய்யப்பன் கெட்டவன் இல்லை, வாய்தான் நீளம். மறுநாளே சொன்னதை மறந்திருப்பான். உக்கிரபாண்டியும் அவனை மன்னித்திருப்பார். ஆனால் சாம்பார் வாளியோடு நின்ற முருகலட்சுமியும் சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று வந்த சிரிப்பு அது. அவர் இலையில் போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்தார். “வெறும் வயித்தோட போகாதண்ணே” என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் தங்கை பின்னாலேயே ஓடி வந்தாள். அவர் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார். அதன் பிறகு தீபாவளி, பொங்கல் என்று அவள் போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. ஒரு பொங்கலுக்கு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அந்தச் சில்லு ஏன் பெயர்ந்தது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பட்டறைக்கு இடம் கொடுத்த கபீர், சவுதியில் ஒரு மரவேலைக் கம்பெனியில் இருந்து முழங்கால் தேய்ந்து திரும்பியவர். காலையில் பட்டறைக்கு வந்து ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். பலகை அறுக்கிற டேபிள் சா மெஷின் ஓடும்போதெல்லாம் பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றையே சொல்வார்.

“பாண்டி, பிளேடு மேல குத்தமில்ல. பிளேடைச் சுத்தி இருக்கிற தகட்டைப் பாரு. அதுல வாய் எம்புட்டு அகலம், என் வெரலே உள்ள போவுது. பலகைக்கு அடியில பிடிமானம் இல்லாட்டி மைக்கா பேந்துக்கிட்டுத்தான் வரும். அங்கன நாங்க ஒவ்வொரு பிளேடுக்கும் தனித்தனியா தகடு வச்சிருப்போம். பிளேடு என்ன மொத்தமோ அதே அளவுதான் வாய். ஜீரோ கிளியரன்ஸுன்னு சொல்லுவோம்.”

“செய்யணும் பாய்” என்பார் இவர். செய்ய மாட்டார். டேப் ஒட்டி அறுப்பார், ஓரத்தை மறைக்கப் பீடிங் பட்டை அடிப்பார், காலம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் முத்துகிருஷ்ணன் போன் செய்தான். அவன் உக்கிரபாண்டிக்குச் சித்தப்பா மகன், கமுதியில் உரக்கடை வைத்திருக்கிறான்.

“அண்ணே, நம்ம ஜெயப்பிரியாவுக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சிட்டாக. ஐப்பசியில கல்யாணம். ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாதே.”

“நீயே போயி நில்லுண்ணே. ஓந் தங்கச்சி வாசல்தான, அதுல என்ன இருக்கு?”

“ஏலே, மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல? பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடி மொதத் தட்டு மாமனுக்குத்தான். புருசனும் பொஞ்சாதியுமா வெத்தலை பாக்கோட வரட்டும். கையில குடுக்கட்டும். வாரேன்.”

பார்க்கலாம் என்று சொல்லவில்லை, வாரேன் என்றார். மனதுக்குள் அப்போதே கிளம்பிவிட்டார். போனை வைத்ததும் மருமகளுக்கு ஒரு பீரோ செய்வது என்று முடிவு செய்தார். தட்டோடு அவர்கள் வரும்போது அது பட்டறை நடுவில் நிற்க வேண்டும். அய்யப்பன் ஓரத்தைத் தடவ வேண்டும். தடவிவிட்டு வாயடைத்துப் போக வேண்டும். இதை யோசித்தபோது அவருக்கு மூன்று வருஷத்து வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

அன்றைக்கே கபீர் சொன்ன தகட்டைச் செய்ய உட்கார்ந்தார். மெஷினோடு வந்த இரும்புத் தகட்டைக் கழற்றி, அதே வடிவத்தில் பிளைவுட்டில் ஒன்று வெட்டினார். அடியில் நான்கு மூலையிலும் சிறு திருகாணி வைத்து, மேஜை மட்டத்துக்குச் சரியாக நிற்கும்படி ஏற்றி இறக்கினார். அதில் பிளேடுக்கான வாய் இல்லை. பிளேடை முழுக்க உள்ளே இறக்கிவிட்டு, தகட்டைப் பொருத்தி, அது துள்ளாதபடி ஓரமாக ஒரு கட்டையை வைத்து இறுக்கினார். மெஷினை ஓடவிட்டு, கைச்சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினார். பிளேடு தகட்டைத் தானே அறுத்துக்கொண்டு மேலே வந்தது. தனக்கு வேண்டிய வாயைத் தானே எடுத்துக்கொண்டது, அதற்கு மேல் ஒரு மயிரிழை இடமும் எடுக்கவில்லை.

மைக்கா ஒட்டிய துண்டு ஒன்றை அறுத்து அடிப்பக்கத்தைத் திருப்பினார். ஒரு சில்லு இல்லை. துண்டைக் கபீரிடம் நீட்டினார்.

“மாஷா அல்லாஹ்” என்றார் கபீர். “இத நான் எத்தன வருசமாச் சொல்றேன்?”

அடுத்த வாரம் மழை பிடித்தது. கடற்காற்றில் பிளைவுட் தகடு ஊதி மேஜையைவிட மேலே தூக்கிக்கொண்டது, அறுக்கிற பலகை அதில் போய் முட்டியது. அதை எறிந்துவிட்டு, கரண்டு போர்டு செய்கிற கெட்டியான பழுப்பு ஷீட்டில் வேறொன்று செய்தார். அது ஊதவில்லை. ஆனால் சில நாளில் வாய் மெல்ல அகலமாகி, மறுபடி ஓரத்தில் பொடிப் பொடியாகப் பிசிறு வந்தது. பிளேடைக் கையால் ஆட்டிப் பார்த்தார். ஆடியது. பேரிங் போய்விட்டது. பிளேடு நடுங்கினால் எந்தத் தகடு போட்டும் பிரயோஜனமில்லை.

“ராம்நாட்டுல கேட்டியா?” என்றார் கபீர்.

“கேட்டேன் பாய். வரவழைச்சுத் தாரேங்கிறாக. அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. மதுரைக்கே போயிட்டு வாரேன்.”

பேரிங்குக்குக் காத்திருக்க முடியாதவர் தங்கைக்கு மட்டும் காத்திருந்தார். என்ன கணக்கோ அது.

மதுரையில் பேரிங்கை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ் பரமக்குடியைத் தாண்டியிருந்தது. போன் அடித்தது. திரையில் ‘தங்கச்சி’ என்று வந்தது. இத்தனை நாள் கழித்து அந்தப் பெயரைப் பார்த்ததும் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டைவிரல் பச்சைப் பொத்தான் வரை போனது. அப்போதுதான் உள்ளே உட்கார்ந்திருந்த கோபம் சோறு கேட்டது. போனிலேயே கூப்பிட்டு முடித்துவிடப் பார்க்கிறாள். தட்டு இல்லை, மரியாதை இல்லை, கல்யாணத்துக்கு வந்துருண்ணே என்று ஒரு வார்த்தையில் தாய்மாமனை அழைத்துவிடலாம் என்று நினைக்கிறாள். அடித்து ஓயவிட்டார். மறுபடி அடித்தது. துண்டித்தார். மூன்றாவது முறை அடிப்பதற்குள் போனையே அணைத்துப் பைக்குள் போட்டார். அணைத்தபோது அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. அதையும் சொல்லாமல் விடக் கூடாது. ஜன்னலோரம் சாய்ந்து நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

பட்டறை வாசலில் கபீர் நின்றுகொண்டிருந்தார். அந்த முழங்காலோடு அவர் நிற்கிற ஆளே இல்லை.

“எங்கப்பா போயித் தொலஞ்ச? ஓந் தங்கச்சியும் அய்யப்பன் மாப்பிள்ளையும் வந்திருந்தாக.”

உக்கிரபாண்டிக்கு முதலில் புரியவில்லை.

“தட்டோட வந்திருந்தாக பாண்டி. வெத்தலை, பாக்கு, பழம், ஒனக்கு வேட்டி சட்டை. இந்தா, இங்கன நின்னுதான் அந்தப் புள்ள ஒனக்குப் போன் அடிச்சுச்சு. மொத தடவ மணி போச்சு. ரெண்டாவது தடவ கட் ஆச்சு. மூணாவது தடவ ஸ்விட்ச் ஆஃபுங்குது. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்லிச் சமாளிக்க?”

“தட்டு எங்க பாய்?”

“குடும்மா, நான் வாங்கி வைக்கிறேன்னு கேட்டேன். அண்ணன் கையிலதான் குடுக்கணும்னு மடியிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நான் அசர் தொழுதுட்டு வந்து பாக்குறேன், அப்பயும் அப்படியே உக்காந்திருக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மாப்பிள்ளைதான் எழுப்பிக் கூட்டிட்டுப் போனாரு. அல்லாவுக்காகச் சொல்றேன், இப்பவே கெளம்பு. பைக்குல நான் ராம்நாட்டுல கொண்டு விடுறேன்.”

உக்கிரபாண்டி பேரிங் டப்பாவைக் கையில் வைத்தபடி மரத்தூளில் உட்கார்ந்துவிட்டார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி எதிரே இருந்தது. அவர் அழுதார். கபீர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெறுங்கையோட போறது பாய்? பீரோவ முடிச்சிர்றேன். அதோட போயி நிக்கிறேன்.”

“ஒரு போனாவது போடு.”

“முடிச்சிட்டுப் போடுறேன்.”

‘பஸ்ஸில் இருந்தேன், நீ வாசலில் நிற்கிறாய் என்று தெரியாது.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சின்னப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் போனைத் துண்டித்தது ஏன் என்று அவள் கேட்பாளே. அதற்குப் பதில் இல்லாமல்தான் அவர் பேரிங்கைக் கழற்றப் போனார்.

பேரிங் மாட்டியதும் பிளேடு ஆடாமல் நின்றது. மூன்றாவது தகட்டைச் செய்து, பிளேடை ஏற்றி வாய் எடுத்தார். மெஷினை நிறுத்திப் பார்த்தால் பிளேடுக்கும் தகட்டுக்கும் நடுவில் காகிதம்கூடப் போகாது போலிருந்தது. அவர் அறுத்த பலகைகளில் பிசிறு என்பதே இல்லை. மேல்பக்கம் எது, அடிப்பக்கம் எது என்று சொல்ல முடியவில்லை. கதவு இரண்டும் மூடினால் நடுவில் ஒரே கோடு. உள்ளே நகை வைக்க ஒரு இழுப்பறை, வளையல் மாட்ட ஒரு கட்டை. ஒரு பலகையில் லேசாக ஒரு கீறல் விழுந்ததற்கு அந்தக் கதவையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்தார். தினமும் காலையில் கபீர், “பேசினியா?” என்பார். இவர் வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிவிட்டு மெஷினைப் போடுவார். மெஷின் சத்தத்தில் கபீரால் மேற்கொண்டு கேட்க முடியாது. முத்துகிருஷ்ணன் ஏன் பிறகு போன் செய்யவே இல்லை என்று ஒருநாள் யோசித்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

தேதியையும் மண்டபத்தையும் தங்கை அன்றைக்கே கபீரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கல்யாணத்தன்று விடியற்காலையில் பீரோவைப் போர்வை சுற்றி டெம்போவில் ஏற்றிக் கட்டினார்கள். உக்கிரபாண்டி புது வேட்டி சட்டை போட்டிருந்தார். கமுதி மண்டபத்து வாசலுக்குப் போய்ச் சேரும்போது மேளம் அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அய்யப்பன் அவரைப் பார்த்ததும் ஒரு கணம் கையில் கிண்ணம் இருப்பதையே மறந்து நின்றான். பிறகு அவனே ஓடி வந்து இறக்க ஒரு கை கொடுத்தான். போர்வையை எடுத்ததும் சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். அய்யப்பன் கதவின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை தடவினான்.

“மச்சான், ஒரு பிசிறு இல்ல. கம்பெனி வேலை கெட்டுச்சு போங்க.”

கேலியில்லை, மனதாரச் சொன்னான். இந்த வார்த்தையைக் கேட்கத்தான் உக்கிரபாண்டி இத்தனை வருஷம் இருந்தார். கேட்டுவிட்டார்.

“புதுத் தகடு போட்டேன் மாப்ளே” என்றார். “லட்சுமி எங்க?”

அவள் அதற்குள் வந்திருந்தாள். பட்டுச்சேலையில், தலை நிறையப் பூவோடு, கண் மட்டும் தூங்காமல் சிவந்திருந்தது.

“வந்துட்டியாண்ணே.”

“பஸ்ஸுல இருந்தேன் லட்சுமி. நீ வாசல்ல நிக்கிறேன்னு சத்தியமாத் தெரியாது.”

“சரி, தெரியாது. கட் பண்ணது?”

அவர் பீரோவிலிருந்து எடுத்த போர்வையை மடிக்க ஆரம்பித்தார்.

“ஒருவேளை மறுநாள் வருவன்னு பாத்தேன். ஒரு வாரம் தட்டைச் சாமி படத்துக்கிட்டயே வச்சிருந்தேன். வெத்தலை வாட வாட மாத்தி வச்சேன். இவுக வீட்டுப் பெரியவுக எல்லாம், தட்டு திரும்பி வந்துருச்சு, மாமன் வேணாம்னுட்டான், பொண்ண யாரு கையில புடிச்சுக் குடுத்து மணவறைக்கு அனுப்பப் போறேன்னு சத்தம் போட்டாக. தட்டை முத்துகிருஷ்ணங்கிட்டக் கொண்டுபோயிக் குடுத்துட்டோம்ணே. அவன் அழுதுகிட்டேதான் வாங்குனான்.”

“நான் பீரோ செஞ்சுக்கிட்டு இருந்தேன்மா. பிசிறு வராம...”

“அன்னைக்கு நான் சிரிச்சது தப்புத்தாண்ணே. எத்தனையோ நாள் அதுக்கு அழுதுட்டேன். நான் ஒங்கிட்ட பீரோவா கேட்டேன்?”

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். உக்கிரபாண்டி அவள் பின்னாலேயே போய்த் தூணோரம் நின்றார். அவர் தலைமுடியில் அப்போதும் கொஞ்சம் மரத்தூள் இருந்தது.

மணவறையில் புகை எழும்பியது. மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார். ஐயர் திரும்பி, “பொண்ணோட தாய்மாமன் வாங்கோ, மாலை போட்டு அழைச்சுண்டு வாங்கோ” என்று குரல் கொடுத்தார்.

உக்கிரபாண்டியின் கால் தானாக எடுத்து வைத்தது. அவர் யோசிக்கவே இல்லை. பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்காகத் தாய்மாமன் என்று கூப்பிட்டபோதெல்லாம் போனவர் அவர்தான். நாற்காலிகளுக்கு நடுவே பாதி தூரம் நடந்துவிட்டார். தெரிந்தவர்கள் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். அப்போதுதான் எதிரே முத்துகிருஷ்ணனைப் பார்த்தார். பட்டு வேட்டி கட்டி, கையில் மாலையோடு, அவனும் பாதி வழியில் நின்றுவிட்டான். அவன் பக்கத்தில் ஜெயப்பிரியா தலை குனிந்து நின்றாள். அவள் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. அழாமல் இருக்க என்ன பாடுபட்டாளோ.

முத்துகிருஷ்ணன் மாலையை அவர் பக்கம் நீட்டினான்.

“நீ வாண்ணே.”

“தட்டு வாங்குனவுகதாம்ப்பா போடணும்” என்று அய்யப்பன் வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்வரிசையிலிருந்து சொன்னார். “நல்ல நேரம் போகுதுல்ல.”

முருகலட்சுமி மணவறை ஓரத்திலிருந்து அண்ணனைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதை அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“போப்பா” என்றார் உக்கிரபாண்டி. “ஒன்னத்தான் கூப்பிடுறாக.”

முத்துகிருஷ்ணன் மாலையைப் போட்டு, ஜெயப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் போவதற்கு வழியில் கிடந்த ஒரு நாற்காலியை உக்கிரபாண்டி ஒதுக்கிப் போட்டார்.